ஐந்தே முக்கால் கட்டை

சுங்கை கெலுபியில்
மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம்
மேசை நடுங்கும்,
திரையில் கிடக்கும் ஊரும் கொஞ்சம் நடுங்கும்.

ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும் வரைபடம்.
அதற்கு அடியில் இருக்கும் அட்டவணைகள் என் பொறுப்பு.
புள்ளி, கோடு, பலகோணம்,
உலகம் இந்த மூன்றில் அடங்கிவிடும் என்று
கோலாலம்பூரில் பயிற்சி கொடுத்தார்கள்.
மதியம் கோழிச்சோறும் கொடுத்தார்கள்.

முதல் நாளே லயத்தில் மாட்டிக்கொண்டேன்.
இங்கே லயத்தை லைன் என்றும் சொல்வார்கள்.
மென்பொருளில் லைன் என்றால்
இரு முனைகளுக்கு நடுவே
அகலமே இல்லாத ஒன்று.
எனக்கு முன்பு இருந்தவர் அப்படியே வரைந்துவிட்டார்:
பத்தொன்பது கதவு, மூன்று குழாயடி,
வாசலில் கழற்றிப் போட்ட மோட்டார் சைக்கிள்,
எல்லாவற்றுக்கும் அகலம் பூச்சியம்.
வரைபடம் அதைச் சாலை என்று நம்பி
ஏழாம் எண் வீட்டுச் சமையலறை வழியாகக்
குறுக்குவழி சொன்னது.

பலகோணமாக்கினேன்.
வீட்டு எண்ணைச் சாவியாக்கினேன்.
சாவி திறக்கவில்லை.
மேல் டிவிஷனிலும் ஏழு,
கீழ் டிவிஷனிலும் ஏழு,
பால்மரக் காட்டை அழித்துக் கட்டிய தாமானிலும் ஏழு.
எல்லா ஏழிலும் ஆட்கள் இருக்கிறார்கள்,
எல்லாருக்கும் நெஞ்சு வலிக்கலாம்.

ஓரிடத்துக்கு ஒரு பெயர்தான் என்ற விதியைப்
புதன்கிழமை எடுத்தெறிந்தேன்.
பலகையில் லாடாங் புக்கிட் செராயா.
பத்திரத்தில் கம்பெனி பெயர், மூன்று முறை கைமாறியது.
வாயில் மணிக்கூண்டுத் தோட்டம்;
மணிக்கூண்டு எங்கே என்று கேட்டால்
யாருக்கும் தெரியாது, பெயர் மட்டும் நிற்கிறது.
பெயர்களுக்குத் தனி அட்டவணை போட்டு
சொல்பவர் யார் என்று ஒரு பத்தியும் வைத்தேன்.
பக்கத்து மேசை கியான் ஹோ எட்டிப் பார்த்தான்:
'நாங்க கூப்பிடற பேரு எங்கே? அதையும் போடு.'

கோவில்தான் தூங்கவிடவில்லை.
கட்டடம் என்றால் நில எண் கட்டாயம்,
நானே எழுதிய விதி.
செம்பனைக்கு நடுவே தகரக் கூரையோடு இருக்கும்
முனீஸ்வரனுக்கு நில எண் கிடையாது.
நான்கு ஒன்பதுகளைப் பொய்யாகப் போட
விரல் போனது. போய்த் திரும்பியது.
காலியாக இருக்கலாம் என்று
விதியைத் திருத்தினேன்.
எனக்கு அது அரை நிமிட வேலை.
நில அலுவலகத்தில் அதே கேள்வி
இருபத்திரண்டு வருடமாகப் படுத்திருக்கிறது.

வெள்ளி இரவு சோதனை ஓட்டம்.
வண்டியில் நோர்ஹிஷாம்.
நோயாளியாக நடிக்கக் கிளினிக்கிலிருந்து குணவதி.
எங்கே இருக்கீங்க என்று கேட்டதும்
பிசகாமல் சொன்னாள்:
'அஞ்சே முக்கா கட்டை,
குலை எடை போடுற மேடையத் தாண்டி.'

கட்டைக் கல் எதுவும் அங்கே கிடையாது.
மைல் போனது நான் பிறக்கும் முன்பே.
அளந்தது பழைய தபாலாபீஸிலிருந்தாம்,
அது இப்போது கைப்பேசிக் கடை.
சரி, அதை ஒரு புள்ளியாக்கித்
தூரத்தைக் கணக்கில் கொண்டுவரலாம்.
தாண்டி என்பதை என்ன செய்வது?
ஆற்றுப் பக்கமிருந்து வருகிறவருக்கு ஒரு தாண்டி,
டவுனிலிருந்து போகிறவருக்கு வேறொரு தாண்டி.
மேடை மட்டும்
ரெண்டு பேருக்கும் பொதுவாக நடுவில்.

நோர்ஹிஷாம் நாற்பது நிமிடம் சுற்றினார்.
குணவதி செத்துப்போய்விட்டதாக
போனில் அறிவித்துவிட்டு
ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டாள்.

அன்றிரவு இன்னொரு பத்தி சேர்த்தேன்.
வகை கிடையாது, கட்டாயம் கிடையாது,
நீளத்துக்கு வரம்பும் கிடையாது.
குறிப்பு என்று பெயர்.
பயிற்சி கொடுத்தவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

திங்கட்கிழமை திறந்தால்
முதல் நிரையில் நோர்ஹிஷாம், மலாயில்:

கேட்டுச் சங்கிலி பூட்டின மாதிரி தெரியும்,
பூட்டவில்லை. தூக்கித் தள்ளவும்.
நாய் மூன்று.
கறுப்பு மட்டும் கடிக்கும்.